கடல் விலகும் நேரம்

ஸ்கூடாயில் பிறந்து வளர்ந்த மாணவி அவள். உயிரியலைப் பாடமாக ஏற்றவள். ஓவியத்தை உள்ளத்தில் ஏற்றவள். 2013ஆம் ஆண்டு விடுமுறையில், மெராம்போங் தீவை அடுத்த கடற்புல் திட்டில் கடற்குதிரைகளைக் கணக்கெடுக்கச் செல்லும் தொண்டர்களுடன் தானும் போக விரும்பினாள்.

தந்தை லாரி ஓட்டுநர். "ஏம்மா, விடுமுறையில் கடையில் வேலை செய்தால் அடுத்த தவணைக் கட்டணத்திற்கு ஆகும். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் சம்பளம் தருவார்?" என்றார். அவர் கேள்வியில் கடுமை இல்லை; கணக்கு இருந்தது. மற்ற நாள்களில் கடைக்கும், கடல் வெகுவாக வற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் திட்டுக்கும் செல்வது என்று முடிவாயிற்று.

கேலாங் பாத்தாவைத் தாண்டிக் கரையை அடைந்து, படகேறினால் அத்திட்டு. அங்கே கட்டடம் இல்லை, கூரையும் இல்லை. நீர் விலகும் சிறுபொழுதே ஆய்வுக்கூடம். கடற்பசு மேயும் அப்புல்வெளியில் மாணவர்கள் குனிந்து தேடினர். கிடைத்த கடற்குதிரையை அளந்து, ஆணா பெண்ணா எனக் குறித்து, எடுத்த இடத்திலேயே விட்டனர். குஞ்சுகளைப் பையில் சுமப்பது ஆண் என்பதை நூலில் படித்தவள், அன்று கண்ணால் கண்டாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, புல்லின் இலையையும் நண்டின் வளையையும் வரைந்தாள். ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் நாளும் நேரமும் எழுதினாள்.

புன்னையையும் தாழையையும் அலவனையும் அருகிருந்து நோக்கிப் பாடிய நெய்தல் திணைப் புலவர்க்கு, அறிவு வேறு கலை வேறு என்ற பிரிவு இருந்ததில்லை. உற்று நோக்கல் ஒன்றே இரண்டிற்கும் தாய்.

2014இல் அக்கடற்பரப்பில் நிலமீட்புப் பணி தொடங்கியது. புல்வெளியின் ஒரு பகுதி மணலுக்கடியில் மறைந்தது. புதிய நிலத்தில் கட்டடங்கள் எழுந்தபோது, அங்கே பொருள் ஏற்றிச் சென்றவர்களுள் அவள் தந்தையும் ஒருவர். ஒருநாள் இரவு வீடு திரும்பியவர், "நீ வரைந்த இடம் அதுதானா?" என்று கேட்டார். அவள் ஏட்டை விரித்து வைத்தாள். அவர் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார். குற்றம் சாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கூலியில்தான் அவள் கட்டணமும் அடங்கியிருந்தது.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஆப்பிள்டோர் என்னும் சிறு தீவுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சைல்ட் ஹாசம் என்னும் ஓவியர் அதன் பாறைகளைத் தீட்டினார். பின்னர் அத்தீவில் கடல் ஆய்வு நிலையம் அமைந்தது. கோடைதோறும் மாணவர்கள் அங்கே ஆய்வு பழகுகின்றனர். ஓவியர்களும் வந்து தங்குகின்றனர். ஹாசம் எந்தப் பாறையருகே நின்று தீட்டினார் என்பதைக் கண்டறிய அந்நிலைய அறிவியலார் துணைபுரிந்தனர். 2016இல் அவ்வோவியங்கள் கண்காட்சியாயின. அழகுக்காக வரைந்தது நிலத்தின் சான்றாயிற்று.

அவளுடைய ஏடும் அத்தகையதே. புல்வெளியில் எஞ்சிய பகுதி இன்றும் நீர் விலகும்போது பசுமை காட்டுகிறது. மறைந்த பகுதியோ அவள் தாள்களில் மட்டுமே இருக்கிறது.

ஆய்வுக்கும் கலைக்கும் தரும் கோடை உதவித்தொகை ஆடம்பரமன்று. வசதியுள்ள மாணவன் உதவித்தொகை இன்றியும் தீவுக்குப் போவான். கூலிக்காரர் மகளுக்கு அது கடைவேலையிலிருந்து மீட்ட சில வாரங்கள். உற்றுப் பார்ப்பதும் ஓர் உழைப்பே என்று அவள் வீட்டாரிடம் ஊரார் கூறும் சொல்லும் அதுவே.

"யார் சம்பளம் தருவார்?" என்று அந்தத் தந்தை கேட்டார். அதற்கு விடை சொல்லும் கடமை மகளுடையதன்று, சமுதாயத்தினுடையது.