வாய் திறக்காத நான்கு மாதங்கள்

சுவிஸில், பாசல் நகரின் கிளைன்பாசல் பகுதியில் ஒரு மாடி வீட்டுக்கு உட்பூச்சும் பெயின்ற் வேலையும் செய்து கொடுத்த காசு எனக்கு வராமலே போனது. வேலை தந்த நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்றுதான் கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. அந்தக் காசை மீட்கும் வழி என் கையில் இருந்தது. தெரிந்துகொண்டே கைவிட்டேன். என்னை நம்பி வேலை செய்த இரண்டு பெடியளின் சம்பளமும் அதோடு சேர்ந்து சிக்கியது.

சுவிஸ் குடியியல் சட்டத்தின் 837ஆம் பிரிவு கட்டட வேலை செய்பவருக்கு ஒரு தனி உரிமை தருகிறது. கூலி வராவிட்டால், வேலை நடந்த காணியின் மேலேயே ஈடு பதியலாம். ஊரில் காணியை ஈடு வைப்பது சொந்தக்காரரின் விருப்பம். இங்கே அவர் சம்மதிக்காவிட்டாலும் நீதிமன்றம் உத்தரவிட்டால் காணிப் பதிவேட்டில் ஏறிவிடும். பிரதான ஒப்பந்தக்காரரிடம் வேலை எடுத்த என்னைப் போன்றவர்களுக்கும் இது உண்டு. வீட்டுக்காரர் அவருக்கு முழுக் காசையும் கட்டி முடித்திருந்தாலும் உண்டு.

ஆனால் கெடு கடுமையானது. வேலை முடிந்து நான்கு மாதத்துக்குள் பதிவு ஏறியிருக்க வேண்டும். 2012 ஜனவரிக்கு முன்பு மூன்று மாதம்தான். நினைவூட்டல் கடிதம் அனுப்பினாலும், பெட்றைபுங் (கடன் அறவிடும் நடவடிக்கை) போட்டாலும் அந்த நாள் தள்ளிப்போகாது. அவசரமென்றால் நீதிபதி எதிர்த்தரப்பைக் கேட்காமலே தற்காலிகப் பதிவுக்கு உத்தரவிடலாம். ஒப்பந்தமும் கையொப்பமிட்ட வேலை அறிக்கைகளும் றெக்னுங்கும் (பில்) என்னிடம் ஒழுங்காக இருந்தன. பாசல் குடியியல் நீதிமன்றம் இருக்கும் பொய்ம்லைன்காசே, அந்த வீட்டிலிருந்து ட்ராமில் போகும் தூரம்தான்.

எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அதே கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்த அல்பேனியர் ஒருவர், என் றெக்னுங் நிலுவையில் நிற்கும்போதே, "நாளைக்கே சட்டத்தரணியைப் பார்" என்றார். நான் போகவில்லை. அடுத்த கட்டடமும் உனக்குத்தான் என்று நிறுவனத்தின் பௌலைட்டர் (கட்டட வேலை மேற்பார்வையாளர்) சொல்லியிருந்தார். பதிவு போட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இனி ஒருவரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தேன். வெளியே சொன்ன காரணம் வேறு: பாவம், வீட்டுக்காரர் இரண்டு தரம் கட்டுவதா? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் அதைக் கேட்டது நியாயத்துக்காக அல்ல, என் பயத்தை மறைக்க.

நாள் கணக்கிலும் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். குசினி பொருத்த வந்தவர்கள் சுவரைக் கீறிவிட்டிருந்தார்கள். வேலை முடிந்து பல கிழமைகளுக்குப் பிறகு ஒரு சின்ன வாளிப் பெயின்றோடு போய், கதவு நிலையோரக் கீறல்களை நிரப்பி, காய்ந்ததும் அரக்கடதாசியால் தேய்த்து, மேலால் ஒரு தரம் பூசினேன். இனி நான்கு மாதம் இன்றிலிருந்துதான் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். கடைசியில் சட்டத்தரணியிடம் போனபோது அவர் தலையை ஆட்டினார். இப்படியான சில்லறைத் திருத்தங்கள் கணக்கில் வராது, உண்மையான வேலை முடிந்த நாள்தான் நாள் என்றார். கெடு தாண்டிவிட்டிருந்தது. கொஞ்சக் காலத்தில் நிறுவனம் வங்குரோத்து ஆனது. அதன் சொந்தத் தொழிலாளரின் சம்பளப் பாக்கி முதல் வகுப்பில் நின்றது. என் றெக்னுங் மூன்றாம் வகுப்பில், கடைசி வரிசையில். எனக்கு ஒரு சதமும் வரவில்லை.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. பெடியள் சம்பளம் கேட்டபோதெல்லாம் "அடுத்த கிழமை" என்றேன். பௌலைட்டர் எனக்குச் சொன்ன அதே பதில். ஒருவன் வவுனியாவில் இருக்கும் தங்கச்சிக்குக் காசு அனுப்பவேண்டியவன். கடைசியில் கூடின கழிவு விட்டுச் சீட்டெடுத்துக் கொடுத்து முடித்தேன். கொடுத்ததால் பிழை தீர்ந்துவிடாது. அந்த ஈட்டுரிமை சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குக் கிடையாது, ஒப்பந்தம் எடுத்தவருக்கே உண்டு. அவர்களுடைய உழைப்புக்காக நீதிமன்றப் படி ஏறக்கூடிய ஒரே ஆள் நான்தான். அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. பெரிய நிறுவனம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் செல்லாது. என்னிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. நானாகவே பேசாமல் இருந்து விட்டுக்கொடுத்தேன்.

அண்மையில் இருவரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா நாங்களும் உங்களோட கோட்டுக்கு வந்திருப்பம் அண்ணை" என்றான் இளையவன். அவன் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இப்போது வேலை முடியும் நாளன்றே திகதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். இரண்டாம் மாதம் முடிந்தும் காசு வராவிட்டால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கோப்பு சட்டத்தரணியிடம் போகும். சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் பயத்துக்கு உங்கள் வேலையாட்கள் விலை கொடுக்கிறார்கள் என்றால், பயந்து இருக்க உங்களுக்கு உரிமை இல்லை.