தலையடிக் கடலும் ஒரு வழுவழுப்புப் படலமும்

ஆறுகளற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர் என்பது சுண்ணாம்புக் கற்படைக்குள் தேங்கும் மழைநீரே. அது பல இடங்களில் உவர்ந்தும் நைத்திரேற்றினால் மாசுற்றும் போனமையால், இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரத் திட்டம் வகுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். வயலை நம்பி வாழ்வோரின் அச்சம் அது. அந்தப் பிணக்குக்கு விடையாகவே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் வடமராட்சி கிழக்கின் தலையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்தது. 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர்.

திறப்புவிழாவைப் பற்றி எழுதுவது எங்கள் தொழிலில் எளிது. பராமரிப்பைப் பற்றி எழுதுவோர் அரிது. இத்தகைய நிலையங்களின் ஆயுளைத் தீர்மானிப்பதோ பராமரிப்புத்தான்.

வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை மென்சவ்வினூடாகத் தள்ளும்போது உப்புப் பின்தங்குகிறது. கடலிலே உப்பு மட்டுமா உண்டு? பற்றீரியாக்கள் சவ்வில் ஒட்டி, பசைபோன்றதொரு பொருளைச் சுரந்து, அதற்குள் குடியேறிப் பெருகுகின்றன. பலநாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தடவியவர்கள் அந்த வழுவழுப்பை அறிவார்கள். படலம் தடிக்கத் தடிக்க அழுத்தத்தைக் கூட்டவேண்டும்; மின்செலவு ஏறும்; நீர் குறையும்.

கிணற்றுக்கு இடுவதுபோல் குளோரீன் இட்டால் ஆகாதா என்று கேட்கலாம். சிக்கலே அங்குதான். கலிபோர்ணியாவில் சிட்னி லோப்பும் இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜனும் 1959 அளவில் உருவாக்கிய செலுலோசு அசற்றேற்றுச் சவ்வு குளோரீனை ஓரளவு தாங்கியது. பற்றீரியாக்களோ அந்தச் சவ்வையே தின்றன. இன்று பயன்படும் பொலியமைட்டுச் சவ்வைப் பற்றீரியா தின்னாது, குளோரீன் அரித்துவிடும். ஆகவே, இட்ட குளோரீனைச் சவ்வை அடையுமுன் சோடியம் பைசல்பைற்றுக் கொண்டு நீக்கவேண்டியிருக்கிறது. தப்பிய கிருமிகளுக்கு அதன்பின் தடையேது? போதாக்குறைக்கு, குளோரீன் சிதைத்த சேதனப் பொருள்கள் அவற்றுக்கு இலகுவான உணவுமாகின்றன.

எனவே, கொல்வதைவிடப் பட்டினி போடுவதே மேல் என்ற முடிவுக்குப் பொறியியலாளர் பலர் வந்திருக்கிறார்கள். கிருமிகளின் உணவை மணல் வடிகளாலும் நுண்வடிகளாலும் முன்கூட்டியே குறைப்பது, சவ்வின் இருபுற அழுத்த வேறுபாட்டை நாள்தோறும் பதிவது, அது ஏறத் தொடங்கியதுமே காரக் கரைசலால் கழுவுவது ஆகியனவே வழிகள். ஒருநாள் வெற்றி என்று இதிலே எதுவுமில்லை. 2008-2009 இல் பாரசீக வளைகுடாவில் பாசி பெருகியபோது, எண்ணெய்ச் செல்வம் படைத்த நாடுகளே நன்னீராக்கும் நிலையங்கள் சிலவற்றை மூட நேர்ந்தது.

தலையடிக்கு உதிரிச் சவ்வுகளும் இரசாயனங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஆண்டுதோறும் வேண்டும். அவற்றுக்குரிய பணம் ஒதுக்கப்படுகிறதா என்று ஆண்டுதோறும் கேட்பது பத்திரிகையாளரின் கடமை. கடல்நீர் கைவிட்டால் குடாநாட்டின் கண்கள் மறுபடி இரணைமடுவை நோக்கித் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத உயிரி ஒன்று இரு மாவட்டங்களின் உறவைக் கெடுத்தது என்ற வரலாறு நமக்கு வேண்டாம்.