இரவல் வீடும் நம் வீடே

குடியிருக்கும் வீட்டைச் சற்று அழகுபடுத்தினால் என்ன என்று பேச்செடுத்தால், எம்மிற் பலர் இரண்டு பதில்களையே கூறுவர். "கையிலே காசில்லை" என்பது ஒன்று. "இது வாடகை வீடுதானே" என்பது மற்றொன்று. இவ்விரு பதில்களையும் ஒன்பது ஆண்டுகளாக மாறி மாறிக் கூறிவந்தவள் நான். ஆதலால் இவ்விடயம் பற்றி என் சகோதரிகளுடன் சிறிது பேச எனக்கும் உரிமையுண்டு என எண்ணுகின்றேன்.

2014ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் மேற்றளத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தோம். சுவரில் ஆணி அறையக் கூடாது, வர்ணம் பூசக் கூடாது என்பன வீட்டுக்காரர் விதித்த நிபந்தனைகள். அவற்றை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை. ஐந்தாறு ஆண்டுகளிற் சொந்தமாகச் சிறியதொரு வீடு வாங்கிவிடலாம் என்பதே எமது நம்பிக்கை. எனவே, திருமணத்தின்போது அம்மா தந்தனுப்பிய றங்குப் பெட்டி திறக்கப்படாமலே கட்டிலின் கீழ்க் கிடந்தது. நல்ல பொருள் யாவும் நல்ல வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்தேன்.

பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நகரின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்ததை யாவரும் அறிவர். வங்கிப் புத்தகத்தில் எமது சேமிப்பின் இலக்கம் குறையவில்லை. அதன் பெறுமதியோ கண்ணெதிரே கரைந்து போயிற்று. சொந்த வீடு என்ற பேச்சை நானும் கணவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே நிறுத்திவிட்டோம்.

மகளுக்கு அப்போது 14 வயது. சிநேகிதிகளின் வீடுகளுக்குச் சென்று படிப்பாள். தன் வீட்டுக்கு ஒருவரையும் அழைத்து வரமாட்டாள். ஒருநாள் காரணம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "எங்கடை வீட்டிலை இருந்தால், ரெயிலுக்குக் காத்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருக்கும், அம்மா" என்றாள். அவள் குறை கூறவில்லை; உள்ளதைத்தான் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்பா காலமான பின், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எம்முடன் வந்து தங்கினார். வந்த மூன்றாம் நாள் கட்டிலின் கீழே குனிந்து பார்த்து, "பிள்ளை, நான் தந்த பெட்டியெல்லோ இது? இன்னும் திறக்கேல்லையோ?" என்று கேட்டார். "சொந்த வீடு வாங்கின பிறகு எடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன், அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திறப்பைக் கேட்டு வாங்கினார்.

பெட்டியின் அடியில், மடிப்பு மடிப்பாக, நீலக் கரை வைத்த பருத்திச் சேலையொன்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு 1995ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறிய இரவில், 11 வயதுச் சிறுமியாகிய நானும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து, நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றேன். மீசாலையில் உறவினர் ஒருவரின் வளவில், தேங்காய் மட்டை குவித்து வைக்கும் கொட்டிலே எமக்குக் கிடைத்த புகலிடம்.

அக்கொட்டிலை அம்மா மறுநாளே கூட்டிச் சாணத்தால் மெழுகினார். கட்டியிருந்த சேலையை மாற்றியதும், நனைந்த அந்த நீலக்கரைச் சேலையைக் காயவைத்து, உடை மாற்றுவதற்கு மறைப்பாகக் குறுக்கே கட்டினார். மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமையான அக்காலத்தில், ஜாம் போத்தல் விளக்கை மூலையில் வைத்து, அருகே நாள்தோறும் ஒரு செவ்வரத்தம் பூவையும் வைப்பார். எனக்கோ கோபம் வந்தது. "இரவல் கொட்டிலுக்கு ஏனம்மா இந்தச் சோடனை?" என்று கேட்டேன். "கொட்டில் இரவல்தான், பிள்ளை. இதுக்குள்ளை போற நாளெல்லாம் எங்கடை நாளல்லோ?" என்றார் அம்மா. ஆறு மாதம் அங்கே இருந்தோம். இன்று நினைக்கும்போது, அக்கொட்டிலின் துன்பத்துடன் அந்தப் பூவும் சேர்ந்தே என் நினைவில் வருகின்றது.

பெட்டி திறந்த அன்றே வேலையைத் தொடங்கினோம். எமது செலவுக்கு 5000 ரூபா என்று எல்லை வகுத்துக்கொண்டோம். முதற் காரியத்துக்குக் காசே வேண்டியிருக்கவில்லை, வேண்டாதனவற்றை அகற்றினோம். உடைந்த மின்விசிறி, வெறும் பிஸ்கட் தகரங்கள், பழைய பத்திரிகைக் கட்டு யாவும் வெளியேறின. அறை இரண்டடி அகன்றது போலத் தோன்றிற்று.

அடுத்து வெளிச்சம். கூரையின் நடுவேயுள்ள வெண்ணிறக் குழல் விளக்கு மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சத்தைக் கொட்டி, முகங்களை வெளிறச் செய்துவந்தது. மாலையில் அதனை அணைத்துவிட்டுத் தாழ்வான இடத்தில் மஞ்சள் ஒளி விளக்கை ஏற்றினால் அதே அறை வேறாகிவிடும். மின்குமிழ் வாங்கும்போது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று பொறித்திருக்கின்றதா எனப் பாருங்கள். இலக்கம் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்.

சேலையை வெட்ட என் கை கூசிற்று. அம்மாவே கத்தரிக்கோலை எடுத்தார். "மடிப்பிலை கிடந்து நூல் அறுந்து போறதிலும் பார்க்க, யன்னலிலை ஆடட்டும்" என்றார். ஆறு யார் சேலையை இரண்டு யாராக மூன்று துண்டு செய்தோம். இரண்டு துண்டுகள் யன்னலுக்குத் திரைச்சீலையாயின. மூன்றாவது கதிரைகளுக்குத் தலையணை உறைகளாயிற்று. வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்புக் கம்பி விரைவிற் துருப்பிடிக்குமாதலால், திரைச்சீலையைத் தும்புக் கயிற்றிற் கோத்து யன்னற் கம்பிகளிற் கட்டினோம். ஆணி அறைய வேண்டிய அவசியமே நேரவில்லை.

பழைய சாமான் கடையில் ஒரு சிறு வாங்கு 1000 ரூபாவுக்குக் கிடைத்தது. அப்பாவின் படத்தையும் மகளின் சிறு வயதுப் படங்களையும் அதன்மேற் சுவரிற் சாய்த்து வைத்தோம். பன்பாய் ஒன்று 1200 ரூபா. மண்சட்டிகள் மூன்று 1050. மின்குமிழ்கள் இரண்டு 900. கயிறும் நூலும் 500. மொத்தம் 4650 ரூபா. அயல்வீட்டார் தந்த துளசியும் கற்பூரவள்ளியும் மணிப்பிளான்டும் சட்டிகளிற் தளிர்த்தன. பெட்டிக்குள் இருந்த பனையோலைக் கடகத்தில் மகள் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டாள்.

யாவும் சரியாகிவிட்டன என்று நான் கூறவரவில்லை. குசினிச் சுவரில் மழைநீர் ஊறிய கறை இன்னும் இருக்கின்றது. வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னால் வெளியேறத்தான் வேண்டும். ஆயினும், நாம் செய்தவற்றுள் சுவரோடு ஒட்டியது எதுவுமில்லை. அரை நாளிற் கட்டி எடுத்துச் சென்றுவிடலாம்.

இரண்டு வாரங்களின் பின், ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளித் தோழி ஒருத்தியை மகள் அழைத்து வந்தாள். முன்கூட்டி என்னிடம் கேட்கவுமில்லை. இருவரும் பாயில் அமர்ந்து கணக்குச் செய்தனர். வந்த பிள்ளை திரைச்சீலையைக் காட்டி, "எங்கை வாங்கினது?" என்று வினவினாள். "அது அம்மம்மான்ரை சீலை. அதுக்கு ஒரு கதை இருக்குது" என்றாள் என் மகள். கட்டிலில் அமர்ந்திருந்த அம்மா மெல்ல எழுந்து வந்து, அவர்களுக்கருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். நான் தேநீர் வைக்கக் குசினிக்குச் சென்றேன்.

சகோதரிகளே, உங்கள் கட்டிலின் கீழும் ஒரு பெட்டி இருக்கக் கூடும். சொந்த வீடு வரும்போது வரட்டும். பெட்டியை இன்றே திறவுங்கள்.