ஈயம் நீங்கிய குண்டு

என்னிடம் தமிழ் கற்றுச் சென்ற மாணவனொருவன் இன்று கடல்கடந்த தேசமொன்றில் காவலாளியாக இருக்கிறான். சென்ற மாதம் அவன் ஒரு விளம்பரப் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பி, "சேர், இது நெசமா?" என்று கேட்டிருந்தான். பச்சை நிறத்தில் ஒரு சிறு பெட்டி. அதன் மேல் ஓர் இலை. பெட்டிக்குள் இருப்பனவோ கைத்துப்பாக்கி ரவைகள். ஈயம் அறவே இல்லாத புதுவகைத் தற்காப்பு ரவை, சுற்றாடலுக்குத் தீங்கு செய்யாதது, குடும்பத்தைக் காப்பது, ஒரே வெடியில் எதிரியை நிறுத்துவது என்று அவ்விளம்பரம் முழங்கிற்று.

இலையைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியின் மேல் இலையும், அதனருகில் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணொருத்தியும் வரைந்து விற்கும் வித்தையை மலைநாட்டாருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் பையன் கேட்டது நேர்மையான கேள்வி. சிரித்துவிட்டு விடுவது ஆசிரியனுக்கு அழகன்று.

ஈயத்தோடு எமக்குப் பழைய உறவு உண்டு. முன்னாளில் எம்மவர் பறித்த தேயிலை கப்பலேறிய மரப்பெட்டிகளின் உட்புறத்தில், ஈரம் புகாதிருக்கும் பொருட்டு ஈயத்தகடு வைத்திருந்தார்கள். அலுமினியத் தாள் பிற்பாடு வந்தது. அதைவிட நெருங்கிய உறவு காட்டுப்பன்றியால் வந்தது. மரக்கறிப் பாத்திகளைக் கிண்டும் பன்றியைக் கட்டுத்துவக்கு வைத்து விழுத்தி, கறியைப் பங்கு போட்டு லயத்துக்கு லயம் இரகசியமாகக் கொடுத்தனுப்புவார்கள். அப்படியோர் இரவில் என் பல்லில் ஈயச் சன்னம் கடிபட்டிருக்கிறது. அப்பா அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து அடுப்பு மூலையில் எறிந்தார். நாங்கள் தொடர்ந்து சாப்பிட்டோம். பல்லில் கடிபட்டதை எறிந்துவிடலாம். ஆனால் ஈயம் இறைச்சியினுள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் உதிரும் என்பதை அன்று அந்த லயத்தில் யார் அறிவார்? குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். மூளை வளரும் பருவத்தில் அது செய்யும் கேடு திரும்பப் பெறமுடியாதது.

ஆகையால் ஈயத்தை ஒழிக்கவேண்டும் என்பது வெறும் வியாபாரக் கூச்சலன்று. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் 1991 முதல் தடைசெய்யப்பட்டது. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற பிணங்களைத் தின்று கொண்டோர் என்னும் பெருங்கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தமையால், கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலையில் வேட்டை முழுவதற்குமே ஈயத்தை விலக்கிற்று. இவை மெச்சத்தக்க காரியங்கள். மூடிய கூடங்களில் சுட்டுப் பழகுவோரின் மூச்சிலும் ஈயம் ஏறுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ரவையின் அடியிலிருந்து தீ மூட்டும் மருந்திலேயே வழமையாக ஈயச் சேர்வை கலந்திருக்கும். குண்டை மட்டும் செம்பாக்கிவிட்டு மூட்டும் மருந்தைப் பழையபடி விட்டிருந்தால், 'அறவே இல்லை' என்பது பொய்யாகிவிடும். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தும், மூட்டும் மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் அகப்படவில்லை.

'ஒரே வெடியில் நிறுத்தும்' என்ற வாக்கைத்தான் நான் சிறிதும் நம்பவில்லை. கன சென்ரிமீற்றர் ஒன்றுக்கு ஈயம் 11.34 கிராம், செம்பு 8.96 கிராம். எனவே அதே பருமனுள்ள செப்புக்குண்டு எடை குறைந்தது. அதை ஈடுசெய்ய வேகத்தைக் கூட்டுகிறார்கள். குண்டின் முனையில் குழி தோண்டியிருப்பதால், உடம்பில் பட்டதும் அது பூவிதழ் போல் விரிகிறது. விளம்பரத்தில் அந்த விரிந்த செம்பை நகைக்கடைப் பதக்கம் போல் ஒளியூட்டிக் காட்டியிருந்தார்கள். விரிவதையும் புகும் ஆழத்தையும் ஜெலற்றின் பாளத்தில் சுட்டு அளப்பது வழக்கம். 1986இல் மியாமியில் நிகழ்ந்த ஒரு துப்பாக்கிச் சண்டைக்குப் பின் எப்.பி.ஐ. வகுத்த அளவு 12 முதல் 18 அங்குலம். அளவு பயனுள்ளதே. ஆயின் மனிதனை அக்கணமே வீழ்த்துவது மூளையிலோ முள்ளந்தண்டிலோ படும் குண்டுதான். ஏனைய இடங்களில் பட்டால் இரத்தம் போய்ச் சோர்வதற்கு நேரம் வேண்டும். ஈயமானாலென்ன, செம்பானாலென்ன, இந்த உடற்கூற்று உண்மை மாறப்போவதில்லை.

விரியும் குண்டு புதியதுமன்று. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890களில் வெள்ளையர் செய்த குண்டே இதற்கு மூதாதை. 1899இல் ஹேக் மாநாட்டில் அதைப் போரில் விலக்கவேண்டுமென்ற பேச்சு எழுந்தபோது, பிரித்தானியப் பிரதிநிதி ஜோன் ஆர்டாக், நாகரிகமடையாத மனிதன் குண்டு பட்ட பின்னும் பாய்ந்து வருவான், அவனுக்கு இது தேவை என்ற கருத்தில் வாதாடினார். அவருடைய வாதம் எடுபடவில்லை. விலக்கும் பிரகடனம் நிறைவேறியது. பிரித்தானியா அதை ஏற்க 1907 வரை சென்றது. போர்க்களத்தில் விலக்கப்பட்ட அந்தக் குண்டுதான் இன்று வீட்டுக்காரனுக்குப் பச்சைப் பெட்டியில் வருகிறது. அடுத்த அறையிலுள்ள குழந்தை மீது ஊடுருவிப் பாயாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். அந்த நியாயத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை.

ஆனால் 'தற்காப்பு' என்ற சொல்லில் என் மனம் இடறுகிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது பொலிஸார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். 1977 மே மாதத்தில், நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக்காணி பறிபோவதை எதிர்த்து எழுந்த கூட்டத்தின்மீது வெடி வைத்தார்கள். டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் விழுந்தார். எம் மக்கள் துவக்கை அறிந்தது அதன் குழல்வாய்ப் பக்கத்திலிருந்து. எவர் தம்மைக் காத்துக்கொண்டார், எவரிடமிருந்து காத்துக்கொண்டார் என்று கேளாமல் அச்சொல்லை என்னால் வாசிக்க முடிவதில்லை. விளம்பரத்தில் சுடுபவனின் நுரையீரல் கணக்கில் உண்டு. அவன் குழந்தை உண்டு. மண்ணும் பறவையும் உண்டு. சுடப்படுபவன் 'எதிரி' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறான். அவனுக்கு முகமில்லை. இப்படிப்பட்ட பெட்டி ஹட்டன் கடைத்தெருவில் விலைக்கு வராது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் அனுமதிப்பத்திரமும் குறுக்கே நிற்கின்றன. அதன் பாஷை மட்டும் எந்த அனுமதிப்பத்திரமும் இல்லாமல் எம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடுகிறது.

இவற்றைச் சுருக்கி மாணவனுக்கு எழுதினேன்: "தம்பி, ஈயம் கெட்டது என்பது மெய். ரவை முழுவதிலும் இல்லையா, குண்டில் மாத்திரம் இல்லையா என்று கேட்டுப் பார். ஒரே வெடியில் நிறுத்தும் என்பதை நம்பாதே. உன் நிறுவனம் உன்னை யாருக்கு நேரே நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்கு எழுது."

இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது. காவலாளிகளுக்குத் துவக்கு கொடுப்பதில்லையாம். ஒரு தடியும் ஒரு டோர்ச்சும்தானாம். படத்தை அவனுக்குக் காட்டியவன் அறைத்தோழன். இரவில் அவர்கள் காப்பது ஒரு களஞ்சியத்தை. பெரும்பாலும் வந்து நிற்பவர்கள் வேலை கேட்டு வரும் வேற்று நாட்டுக் கூலிகள். "ஏசித் துரத்தச் சொல்லியிருக்காங்க சேர்" என்று எழுதியிருந்தான்.