எலியின் வேதனையும் ரஸ் டாக்ஸும்

ஹோமியோபதி தஞ்சைத் தரணிக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே, மராட்டிய மன்னரின் ஆதரவில், ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் சாமுவேல் புரூக்கிங் இங்கே அம்முறையில் ஒரு மருத்துவமனை கண்டார். இன்றும் நம் பக்கத்து ஊர்களில் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை மடித்துத் தரும் வைத்தியர்களைக் காணலாம்.

மூட்டுவலிக்கு அவர்கள் அதிகம் எடுத்தாள்வது ரஸ் டாக்ஸ் என்னும் மருந்து. வட அமெரிக்காவில் வளரும் ஒரு நச்சுச் செடியின் இலையிலிருந்து ஆக்கப்படுவது. பச்சை இலை மேலே பட்டால் தோல் கொப்பளித்துப் போகும். ஈரக்காற்றில் மிகுவதும், எழுந்து வைக்கும் முதலடியில் உயிரை வாங்குவதும், நடக்க நடக்கத் தணிவதுமான வலிக்கு இதுவே மருந்து என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். ஐப்பசி அடைமழையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் வயற்காட்டு முதியோர் பலருக்கு அது பொருந்திவிடும். என் அத்தாவுக்கும் பொருந்திற்று.

2018 செப்டம்பரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ என்னும் ஏட்டில் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. மகாராஷ்டிரத்துச் சிர்ப்பூரில் மருந்தியல் கல்லூரி ஒன்றைச் சேர்ந்தோர் முன்னின்று செய்த ஆய்வு அது. எலியின் பின்னங்கால் நரம்பை நூலால் தளர முடிச்சிட்டு, ஓயாத வலியை உண்டாக்கி, மிகவும் நீர்க்கச் செய்த ரஸ் டாக்ஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதத்தை எலி எப்போது வெடுக்கென இழுத்துக்கொள்கிறது என்பதே வலிக்கு அளவுகோல். காபாபென்டின் என்னும் வழக்கமான மருந்துக்கு ஒப்பாக வலி தணிந்தது என்றார்கள். இத்தாலியில் அச்செய்தி பெரும் ஆரவாரத்தைக் கிளப்பிற்று. தஞ்சையில் நண்பரொருவர் அதன் நகலை என் கையில் திணித்து, “இனியாவது வாதம் செய்யாதீர்கள்” என்றார்.

வாதம் எழக் காரணம் கணக்கு. ஒரு பங்கு சாற்றை நூறு பங்காக நீர்த்தால் முதல் வீரியம். அதனை மீண்டும் நூறாக்கினால் இரண்டாம் வீரியம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதில் ஒரே ஒரு துளியைக் கலந்தால் எட்டாம் வீரியத்தைச் சற்றே கடந்திருப்போம். பன்னிரண்டாம் வீரியத்துக்கு அப்பால் மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட எஞ்சாது எனலாம். கடைகளில் முப்பதும் இருநூறும் கிடைக்கின்றன!

2019 ஜூனில் அந்த ஏடே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வெவ்வேறெனக் காட்டிய படங்கள் ஒன்றாகவே இருந்தன. ஒரு வரைபடத்தின் புள்ளிகளுள் பெரும்பாலானவை மற்றொன்றில் அப்படியே வந்திருந்தன. எலிகளின் நடத்தையைப் பதிந்த முறையும் நம்பத்தக்கதன்று என்றனர்.

கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் மருந்தைச் சோதிக்கச் சில நிபந்தனைகள் வைத்தார். பலன் தற்செயலாய் இராமல், மீண்டும் மீண்டும் ஒரே விதமாய்க் கிடைக்க வேண்டும். சிங்கத்திலும் குதிரையிலும் கண்டது மனிதனுக்குப் பொருந்துமென்று நம்பிவிடலாகாது. மனித உடலிலேயே பார்த்தாக வேண்டும். அத்தாவின் வலி கார்த்திகையில் உச்சத்துக்கு ஏறும். அப்போதுதான் உருண்டையைத் தேடுவார். தை பிறந்து மழை ஓய்ந்து வெயில் ஏறினால் வலி தானாகவே இறங்கும். பெயர் மட்டும் உருண்டைக்குப் போகும். இதைத் தற்செயல் என்னாமல் வேறென்னென்பது?

ஆனால் என்னை உறுத்துவது அதுவன்று. உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அம்பெய்து பழகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறுக்கும்போதும் கத்தியைக் கூராக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மனிதரின் நோய் தீர எலி வேதனைப்படலாம் என்று ஒப்புக்கொள்ளும்போதே, அந்த வேதனை வீணாகலாகாது என்ற கடனும் நம்மேல் ஏறிவிடுகிறது. கணக்கை ஒழுங்காக எழுதாத ஆய்வில் அந்தக் கடன் யாரால் தீரும்? கட்டுரையைத் திரும்பப் பெறலாம். முடிச்சிட்ட நரம்பை எங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொடுப்பது?

அத்தா இப்போது எலும்பு மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறார்; உருண்டையையும் விடவில்லை. இனிப்பாய் இருக்கிறதாம். நண்பரிடம் ஏடு பின்வாங்கிய செய்தியைச் சொன்னேன். “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டார். நகலை மட்டும் இன்னும் கிழித்தெறியவில்லை.