விழித்திருப்போர் கணக்கு

மனிதன் உறங்கும் பொழுதிலும் அவன் அனுப்பிய பொருள்கள் உறங்குவதில்லை. மாலையில் கூரியர் நிலையத்தில் நாம் ஒப்படைக்கும் உறை, மறுநாள் முற்பகலுக்குள் நெடுந்தொலைவில் இருப்பவர் கையில் சேர்ந்துவிடுகிறது. வெளிநாட்டில் பணிபுரியும் மகனுக்குச் சான்றிதழ் அனுப்பிய பெற்றோரும், பல்கலைக்கழகத்திற்குக் கடைசி நாளில் விண்ணப்பம் அனுப்பிய மாணவரும் இவ்விரைவின் பயனை நன்கு அறிவர். பொதி வந்ததும் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்கிறோம். அது வந்து சேர யார் விழித்திருந்தார் என்று நாம் வினவுவதில்லை. வினவ வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இரவோடு இரவாகப் பொதி சேர்க்கும் முறை அமெரிக்க நாட்டில் வேரூன்றி வளர்ந்தது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, ஃபிரெடரிக் ஸ்மித் தொடங்கிய ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரை மையமாகக் கொண்டு 14 சிறிய விமானங்களில் 186 பொதிகளை 25 நகரங்களுக்கு அனுப்பிவைத்தது. எல்லா ஊர்ப் பொதிகளும் நள்ளிரவில் ஒரே மையத்திற்கு வர வேண்டும். அங்கே ஊர்வாரியாகப் பிரிக்கப்பட வேண்டும். விடியுமுன் அவை மீண்டும் பறந்து செல்ல வேண்டும். இதுவே அம்முறையின் சாரம். யூ.பி.எஸ். நிறுவனமும் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இத்தகைய மாபெரும் மையத்தை நடத்துகிறது. நம் நாட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் சரக்கு விமானங்களை இயக்கி வருகிறது.

இம்முறையில் பணிபுரியும் விமானியின் இரவு எத்தகையது? மாலை மங்கியபின் ஏதோவோர் ஊரிலிருந்து புறப்பட்டு, நள்ளிரவை ஒட்டி மையத்தில் இறங்குகிறார். பொதிகள் பிரிக்கப்படும் இரண்டு மூன்று மணி நேரம் அவருக்குக் காத்திருப்பு. அதற்கென உள்ள ஓய்வறையில் சற்றே கண்ணயரலாம். பின்னர் அதிகாலை மூன்று, நான்கு மணியளவில் எழுந்து மீண்டும் விமானம் ஏறி, விடியும் வேளையில் வேறோர் ஊரில் இறங்குகிறார். ஊரார் பணிக்குப் புறப்படும் நேரத்தில் அவர் விடுதி அறையின் திரையை இழுத்து மூடிப் படுக்கிறார். அன்று மாலை மீண்டும் அதே பயணம். இவ்வாறு தொடர்ந்து பல இரவுகள்.

கண்டம் கடந்து பறப்போர் நிலை வேறு வகையானது. அலாஸ்காவின் ஆங்கரேஜ், ஜெர்மனியின் கொலோன், ஆசியாவின் ஹாங்காங் என்று அவர்கள் செல்லும்போது, ஊர்க் கடிகாரம் ஒன்று சொல்ல உடற்கடிகாரம் வேறொன்று சொல்லும். நெடும்பயணங்களில் கூடுதல் விமானிகள் உடன் சென்று முறைவைத்து உறங்குவதுண்டு. மாதந்தோறும் வெளியிடப்படும் பணி அட்டவணைகளில் தமக்கு வேண்டியதை மூத்தோர் முதலில் தேர்ந்துகொள்வர்; எஞ்சியவையே இளையோருக்கு. அவற்றுள், அழைப்பு வந்தால் குறித்த நேரத்திற்குள் வந்து நிற்க வேண்டிய காத்திருப்புப் பணியும் அடங்கும். எப்போது அழைப்பு வரும் என்பதை அறியாதவர் எப்போது உறங்குவது?

பகலில் உறங்கி இரவை ஈடுசெய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பர். அதற்கு விடையை நாங்கள் ஏட்டில் படிக்குமுன் வீட்டில் கண்டோம். எங்கள் தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. இரவு ஷிப்டு வாரங்களில் எங்கள் இல்லமே குரல் தாழ்த்திப் பேசும். அன்னையார் அம்மியைத் தொடமாட்டார். கீரைக்காரம்மா எங்கள் வாசலில் மட்டும் கூவாமல் நின்று கையைத் தட்டுவார். அத்தனை காவல் இருந்தும், பத்து மணிக்குக் கண்ணயர்ந்த தந்தையார் ஒரு மணிக்கெல்லாம் எழுந்து திண்ணையில் அமர்ந்துவிடுவார். "பகல் தூக்கம் கணக்கில் சேராது" என்பது அவர் அடிக்கடி கூறும் சொல். இரவில் சரக்கு விமானம் ஓட்டுவோரை ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா அறிஞர்களும், அவர்களது பகலுறக்கம் இரவுறக்கத்தைவிடக் குறுகியதாக இருப்பதைக் கண்டனர். அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் என்பது அறிவியல் உரைக்கும் உண்மை. சரக்கு விமானங்களின் இரண்டாம் பயணம் அந்நேரத்தில்தான் அமைகிறது.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு 1993ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு விபத்து சான்றாகும். அவ்வாண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், கியூபா நாட்டின் குவாண்டனாமோ வளைகுடாவில் உள்ள அமெரிக்கத் தளத்தில் இறங்க வந்த டி.சி.-8 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னரே விழுந்து நொறுங்கியது. இரவெல்லாம் பறந்து முடித்த விமானிகளுக்கு எதிர்பாராத மற்றொரு பயணம் ஒதுக்கப்பட்டிருந்தது. விபத்து நேர்ந்த பிற்பகலில் அவர்கள் ஏறத்தாழ 18 மணி நேரம் பணியில் இருந்தனர். தலைமை விமானி உறங்கி எழுந்து 23 மணி நேரத்திற்கு மேலாகியிருந்தது. அவர் எரியாத ஓர் அடையாள விளக்கைத் தேடுவதிலேயே கருத்தைச் செலுத்தினார். விமானத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. மூவரும் காயங்களுடன் உயிர் பிழைத்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஒரு விமான விபத்துக்குக் களைப்பையே காரணமாக முதன்முதலில் கூறியது அப்போதுதான்.

களைப்பின் பாதிப்பைக் களைப்புற்றவரே அறிவதில்லை. பசித்தவன் பசியை உணர்வான். தாகமுற்றவன் தண்ணீர் கேட்பான். உறக்கம் இழந்தவனோ தான் தெளிவாக இருப்பதாகவே எண்ணுகிறான். ஆகவேதான் இதனைத் தனியொருவரின் மனவுறுதிக்கு விட்டுவிடாமல், சட்டம் முன்வந்து காக்க வேண்டியுள்ளது.

சட்டம் வந்தது; ஆயினும் பாதி வழியில் நின்றது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரருகே ஒரு பயணி விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதன்பின் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் புதிய பணிநேர விதிகளை வகுத்து 2011 டிசம்பரில் அறிவித்தது. அவை 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பணி தொடங்கும் நேரத்தையும் பயணங்களின் எண்ணிக்கையையும் பொறுத்து, இரு விமானிகள் ஓட்டும் பணி 9 முதல் 14 மணி நேரத்திற்குள் முடிய வேண்டும். பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதனுள் 8 மணி நேரம் தடையின்றி உறங்க வாய்ப்பு. வாரத்தில் தொடர்ந்து 30 மணி நேர விடுப்பு என்பன அவற்றுள் சில. இரவில் பறப்போருக்கே மிகவும் வேண்டிய இவ்விதிகள் சரக்கு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை; விரும்பினால் பின்பற்றலாம் என்று விடப்பட்டன. பழைய விதியின்படி, இரு விமானிகள் மட்டும் உள்ள சரக்கு விமானத்தில் 24 மணி நேரத்திற்குள் 16 மணி நேரம் வரை பணி அமையலாம். வேறுபாட்டிற்குக் கூறப்பட்ட காரணம், சரக்குத் துறையில் இவ்விதியால் வரும் பயனைவிடச் செலவு மிகுதி என்பதாகும்.

புதிய விதிகள் நடைமுறைக்கு வருமுன், 2013 ஆகஸ்ட் 14ஆம் நாள் விடியற்காலை, லூயிவில்லிலிருந்து வந்த யூ.பி.எஸ். சரக்கு விமானம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் இறங்கும்போது விழுந்தது. இரு விமானிகளும் உயிரிழந்தனர். விமானக்கூடத்தின் பெரிய ஓடுபாதை ஐந்து மணி வரை மூடப்பட்டிருந்தது. விமானம் அதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் சிறிய ஓடுபாதையை நாடி வந்தது. தரையிறங்கும் முறையில் நேர்ந்த தவறுகளை முதன்மைக் காரணமாகக் கண்ட பாதுகாப்பு வாரியம், துணை விமானியின் களைப்பையும் துணைக் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அன்று புறப்படுமுன் அவ்விருவரும், பயணி விமானிகளுக்கு ஒரு விதி, சரக்கு விமானிகளுக்கு ஒரு விதி என்பது முறையா என்று தமக்குள் உரையாடியது ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்திருந்தது. அதனை வாசித்தபோது எங்கள் நெஞ்சம் கனத்தது.

மறுதரப்பையும் கூறுவதே நடுநிலை. சரக்கு விமானிகள் மாதத்தில் பறக்கும் நேரம் குறைவு என்றும், மையங்களில் ஓய்வறைகள் உள்ளன என்றும், தொழிற்சங்க ஒப்பந்தங்கள் சட்டத்தினும் மேலான காப்பளிக்கின்றன என்றும் நிறுவனங்கள் கூறுகின்றன. இவற்றில் உண்மை உண்டு. பர்மிங்காம் விபத்தில், துணை விமானி தமக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைச் செவ்வனே பயன்படுத்தவில்லை என்றும் வாரியம் குறித்துள்ளது. ஓய்வைப் பேணுவது பணியாளரின் கடமையுமாகும். யூ.பி.எஸ். விமானிகள் சங்கம் தொடுத்த வழக்கையும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

எனினும் நம் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. விமானியின் பின்னால் இருப்பது முந்நூறு மனிதரா, முப்பது டன் பெட்டிகளா என்பதைப் பார்த்து அவரது கண்ணிமை கனப்பதில்லை. அவர் பறக்கும் வானமும் ஒன்றே. இறங்கும் ஓடுபாதையும் ஒன்றே. அதனருகே உறங்கும் குடும்பங்களும் அவையே. உயிர்களை எண்ணிப் பயனையும் செலவையும் ஒப்பிடும்போது, இருவர் மட்டுமே உள்ள விமானம் எப்போதும் கணக்கில் தோற்றுப்போகும். தோற்கும் என்று தெரிந்தே போடப்படும் கணக்கை நீதி என்று எவ்வாறு அழைப்பது?

இம்மலரை வாசிக்கும் மாணவச் செல்வங்களுள் சிலர் நாளை விமானிகள் ஆகலாம். பலர் மேலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் அமர்ந்து பிறருக்குப் பணி அட்டவணை வகுக்கலாம். மருத்துவமனைச் செவிலியர், நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர், இரவுக் காவலர் என எவருக்கு அட்டவணை எழுதினாலும், முதற்கட்டத்தில் உறங்கும் நேரத்தைக் குறித்துவிட்டு, எஞ்சிய கட்டங்களில் பணியை நிரப்புங்கள். பணியை முதலில் நிரப்பினால் உறக்கத்திற்கு இடம் எஞ்சுவதில்லை. ஒரு நாள் தாமதமாக வரும் பொதியால் கெடுவது பெரும்பாலும் சிறிதே; கண்ணயர்ந்த ஒரு நொடியில் கெட்டதை எந்த விரைவு அஞ்சலும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.