ஓடக் கற்றோம், நிற்கவும் கற்றோம்



நாற்பத்து நான்காம் வயதில் நாம் ஓடத் தொடங்கினோம். ஆசையினால் அன்று, அச்சத்தினால். சென்ற ஆண்டு பிப்ரவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.2 என்று வந்தது. இதே நோயினால் நம் தந்தையார் வலது காலின் விரல்களை இழந்தவர். வாழ்நாளின் இறுதி ஐந்து ஆண்டுகள் அவரால் பள்ளிவாசலுக்கு நடந்து செல்ல இயலவில்லை. பாங்கொலி கேட்கும்போதெல்லாம் ஜன்னலோரம் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, நாள்தோறும் வியர்க்கும்படி நடக்கச் சொன்னபோது, நம் கண்முன் வந்தது அந்த ஜன்னல்தான்.

மறுநாள் ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்ததும் திருவல்லிக்கேணியிலிருந்து மெரினாவுக்கு நடந்தோம். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை சென்று திரும்பினால் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகும். முதல் வாரம் நடை மட்டுமே. இரண்டாம் வாரத்தில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஓடுவது, அடுத்த இரண்டு கம்பங்களுக்கு நடப்பது என்று வைத்துக்கொண்டோம். முழங்காலுக்குக் கீழ் இறங்கும் தளர்வான கால்சட்டையும் தலையில் தொப்பியும் அணிந்த தாடிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடுவதைக் கண்டு சிலர் புன்னகைத்தார்கள். ஜமாஅத்தில் ஒரு பெரியவர் நம்மைத் தனியே அழைத்து, "ஓதிக் கொடுக்கிற ஹழ்ரத் தெருவில் ஓடலாமா? கண்ணியத்திற்குக் குறைவில்லையா?" என்று கேட்டார்.

அவருடைய கவலையில் தவறில்லை. எனினும் நாம் நடத்தும் பாடத்திலேயே அதற்கு மறுமொழி இருந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்களின் நீண்ட செய்தி இடம்பெற்றிருக்கிறது. ஒட்டகங்களைக் கவர்ந்து சென்ற கூட்டத்தைக் காலால் ஓடியே விரட்டிய நபித்தோழர் அவர். அந்தப் பயணத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவரிடமும் தோற்றிராத அன்சாரித் தோழர் ஒருவர் பந்தயத்திற்கு அழைத்தபோது, ஸலமா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்றே ஓடினார்கள். மூச்சைச் சேமிப்பதற்காகத் தொடக்கத்தில் ஓரிரு மேடுகள் வரை தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு, பிறகு விரைந்து முந்தினார்கள். பல ஆண்டுகள் அந்தப் பகுதியைப் படித்திருந்தும், 'மூச்சைச் சேமிப்பது' என்ன என்பது மெரினாவில் மூச்சுத் திணறிய பிறகே நமக்கு விளங்கியது.

அதற்கு நாமே ஓர் அளவுகோலையும் கண்டுகொண்டோம். ஓடும்போது மனனமாக உள்ள ஸூராக்களை மெல்லிய குரலில் மீட்டி ஓதுவோம். வார்த்தை சிதையாமல் ஓத முடிந்தால் வேகம் சரி. இடையில் மூச்சு அறுந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஓடிக்கொண்டே பேச முடிகிற வேகமே நீண்ட தூரத்திற்கு ஏற்றது என்று ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதைத்தான்.

ரமளான் வந்தது. நோன்பு நோற்கவும் ஓடவும் மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேட்டிருந்தோம். மெதுவாக நடந்தால் போதும், தலைசுற்றினால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆயினும் ஒரு நாள் அஸருக்குப் பின், இஃப்தாருக்கு அரை மணி நேரம் இருக்கையில், உற்சாக மிகுதியால் ஓடிவிட்டோம். மூன்றாவது கிலோமீட்டரில் கை நடுங்கியது. கண் இருண்டது. மணலில் அமர்ந்து, சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தை வாயில் இட்டோம். பாங்குக்குப் பத்து நிமிடங்களே இருந்தன. வீட்டில் மனைவி நோன்புக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டு ஒரு சொல்லும் பேசவில்லை. அவருடைய மௌனம் மருத்துவரின் கண்டிப்பைவிடக் கடுமையாக இருந்தது. அந்த ஒரு நோன்பைப் பிறகு களாச் செய்தோம். அதன்பின் ரமளான் முழுவதும் தராவீஹுக்குப் பிறகான நடை மட்டுமே.

ஆகஸ்டு மாதம் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் முதன்முறையாகப் பங்கேற்றோம். 1 மணி 14 நிமிடங்களில் முடித்தோம். கழுத்தில் பதக்கத்துடன் எடுத்த படத்தை ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டோம். மாலைக்குள் 'மாஷா அல்லாஹ்' என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் எழுதிவிட்டார்கள். அன்றிரவு அந்தப் பதில்களை எத்தனை முறை எடுத்துப் பார்த்தோம் என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்த ஓட்டத்தில் ஓர் ஆயத்தைக்கூட ஓதவில்லை என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தும் பெரிதாக உறுத்தவில்லை.

பாராட்டு நம்மை ஓட்டியது. வாரத்திற்குப் பதினைந்து கிலோமீட்டராக இருந்த பயிற்சியை ஒரே வாரத்தில் முப்பதாக உயர்த்தினோம். வாரத்திற்கு வாரம் பத்து விழுக்காட்டிற்கு மேல் கூட்டக் கூடாது என்பது ஓடுவோரிடையே பரவலாக வழங்கும் எச்சரிக்கை. அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டோம். பதினோராம் நாள் காலை, பள்ளிவாசலில் முதல் ரக்அத்தின் ஸுஜூதுக்குக் குனிகையில் இடது முழங்கால் மடங்க மறுத்தது. வலியில் கண்ணீர் வந்துவிட்டது.

மூன்று வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுதோம். நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. ஆண்டுதோறும் அதை நாம் பாடமாக நடத்துகிறோம். அச்சலுகை அல்லாஹ்வின் அருள், அதைப் பயன்படுத்த வெட்கப்படத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறோம். ஆனால் நம் முழங்காலைக் கெடுத்தது நோயன்று, பெருமை. அந்த எண்ணமே வலியைவிட மிகுதியாக வாட்டியது. ஒன்பது வயது மாணவன் ஒருவன் பாடத்திற்கு நடுவே, "ஹழ்ரத், உங்களுக்கு வயசாயிடுச்சா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழுந்தபோது தந்தையாரின் ஜன்னல் மீண்டும் நினைவுக்கு வந்தது. எந்த இடத்திற்குச் சென்றுவிடக் கூடாது என்று ஓடத் தொடங்கினோமோ, ஓடியே அந்த இடத்திற்கு வந்து சேர்ந்திருந்தோம்.

இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். ஓடாமல் சோம்பியிருப்போருக்கான அறிவுரையாகவே அதை இதுவரை எடுத்துக் கூறிவந்தோம். வணக்கத்திலேயே வரம்பு மீறியவருக்குச் சொல்லப்பட்டது அது என்பதை அந்த மூன்று வாரங்களில் உணர்ந்தோம். வணக்கத்திற்கே வரம்பு உண்டெனில், பதக்கத்திற்கு இல்லையா?

காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு காயல்பட்டினம் சென்றிருந்தோம். முழங்கால் ஓரளவு தேறியிருந்தது. ஃபஜ்ருக்குப் பின் கடற்கரையில் நடக்கையில், பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியை மனைவியிடம் சொன்னோம். முதன்முறை அன்னையார் வென்றார்கள். காலம் சென்று, அவர்களுக்கு உடல் கனத்த பின் மீண்டும் ஓடியபோது நபி (ஸல்) அவர்கள் வென்று, அன்றைக்கு இன்று ஈடாகிவிட்டது என்று சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி. கேட்டுக்கொண்டே நடந்த மனைவி, "இதைப் பாடமா மட்டும்தான் நடத்துவீங்களா?" என்றார். சுற்றுமுற்றும் எவருமில்லை. கரையில் இழுத்து வைத்திருந்த படகு வரை நூறடி ஓடினோம். அவரே வென்றார். இருபது ஆண்டு இல்லறத்தில் அவர் அப்படிச் சிரித்து நாம் கண்டதில்லை. அன்று எவரும் படம் எடுக்கவில்லை. ஆண்டு முழுவதும் நாம் ஓடியவற்றுள் மிகக் குறைந்த தூரம் அதுவே, மிகவும் மகிழ்ந்து ஓடியதும் அதுவே.

பிறகு மெல்ல மெல்லப் பயிற்சியைக் கூட்டினோம். ஐப்பசி மழையில் சாலை நீரில் மூழ்கிய நாட்களில் ஓடவில்லை. ஓடிய நாட்களில் ஓதிக்கொண்டே ஓடினோம்.

இவ்வாண்டு ஜனவரியில், 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானில் கலந்துகொண்டோம். தொடக்கம் காலை 5 மணி. அம்மாதத்தில் சென்னையில் ஃபஜ்ர் ஏறக்குறைய 5.15க்குத் தொடங்கி, 6.30 அளவில் சூரிய உதயத்தோடு முடிகிறது. ஆகவே ஓட்டத்தின் நடுவே தொழுதாக வேண்டும் என்பது பெயர் கொடுக்கும்போதே தெரியும். ஒளூவுடன் புறப்பட்டு, இடுப்பில் ஒரு மெல்லிய துண்டைச் சுற்றிக்கொண்டோம். மெரினாவில் பழக்கமான வங்கி ஓய்வூதியர் ஒருவர் உடன் ஓடினார். மாற்று மதச் சகோதரர். தொழுகைக்காக வழியில் நிற்போம் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம்.

ஐந்தாவது கிலோமீட்டரில் நேரம் வந்திருந்தது. ஆனால் அன்று கால்கள் காற்றைப்போல் இயங்கின. கடிகாரம் நல்ல கணக்கைக் காட்டியது. உதயத்திற்கு இன்னும் நேரமிருக்கிறது, அடுத்த தண்ணீர்ப் பந்தலில் நிற்கலாம் என்று உள்ளம் சொன்னது. தண்ணீர்ப் பந்தலும் வந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் என்றது. எட்டாவது கிலோமீட்டரில் கீழ்வானம் நன்கு வெளுத்துவிட்டது. அப்போது அந்தச் சகோதரர், "பாய், விடிஞ்சிடுச்சே. தொழணும்னு சொன்னீங்களே?" என்றார்.

நாம் நின்றோம். ஆகஸ்டில் நம்மை ஓட்டிய அதே நோய் இன்னும் நம்முள் இருக்கிறது என்பதை, நம் தீனைச் சாராத ஒரு மனிதரின் நாவினால் அல்லாஹ் உணர்த்தினான். சாலையோர நடைபாதையில் துண்டை விரித்து, கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே சற்று வடக்காகத் திரும்பித் தக்பீர் கட்டினோம். நூற்றுக்கணக்கானோர் நம்மைக் கடந்து சென்றார்கள். அந்தச் சகோதரர் நம் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்தபடி, எவரும் இடித்துவிடாதவாறு சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். ஸுஜூதுக்குக் குனிந்தபோது இடது முழங்கால் வலியின்றி மடங்கியது. நெற்றி தரையைத் தொட்ட அந்தக் கணத்தில், தந்தையாரால் இறுதிவரை செய்ய இயலாமற்போன ஸுஜூதல்லவா இது என்று தோன்றியது. எழ மனம் வரவில்லை.

மீதித் தூரத்தை ஓதிக்கொண்டே ஓடி, 2 மணி 51 நிமிடங்களில் முடித்தோம். நம்முடன் நின்றதால் தமக்குப் போன நிமிடங்களைப் பற்றி அந்தச் சகோதரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதக்கத்தை மகள் வாங்கி விளையாட வைத்துக்கொண்டாள். குழுவில் படம் போடவில்லை. இதை இங்கே எழுதுவதும் அதே பாராட்டைத் தேடித்தானோ என்ற அச்சம் உண்டு. எனினும், சர்க்கரைக்கு அஞ்சி ஓடத் தொடங்கும் ஒரு சகோதரருக்கேனும் நமது தவறு பயன்படட்டும் என்ற நிய்யத்தில் எழுதுகிறோம். மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். சட்டைப்பையில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கட்டும். பிறரை முந்துவதற்காக ஓடாதீர்கள்.

பிப்ரவரியில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை 6.7. அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை தொடர்கிறது. இகாமத் கேட்டாலும் தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியோடு நடந்து வருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காலையில் மெரினாவில் ஓடும் கால்கள், இப்போது பள்ளிவாசலை நோக்கி நிதானமாக நடக்கின்றன. நடக்க முடிகிறதே என்ற நன்றியோடு நடக்கின்றன.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் இறுதி மூச்சுவரை அவன் இல்லத்திற்கு நடந்து செல்லும் கால்களையும், அவனுக்காக மட்டுமே இயங்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. நம் தந்தையாரின் மஃக்பிரத்துக்காகவும் துஆச் செய்யுங்கள். ஆமீன்.